தகரம் எத்தனை ஆண்டு தாங்கும்? ஊவா மலைகளில் துருவும் அதற்குச் சொல்லப்பட்ட விடைகளும்

கூரைத் தகரம் எத்தனை ஆண்டு தாங்கும்? பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைப்பது அரிது. ஒரே லயத்துக்கு ஒரே வாரத்தில் அடித்த தகரங்கள்கூட ஒன்றுபோல் மூப்படைவதில்லை. இஸ்தோப்புக்கு மேலுள்ளது சாம்பல் நிறம் மாறாமல் கிடக்க, அடுப்புக்கு மேலுள்ளது சல்லடையாகிவிடுவது உண்டு. இரண்டின் மேலும் பெய்தது ஒரே மழை. கடற்காற்றின் மேல் பழிபோடவும் வழியில்லை. பதுளை நகரிலிருந்து எந்தக் கரைக்கு நேர்கோடு போட்டாலும் 80 கிலோமீற்றருக்குக் குறையாது.

அப்படியானால் இரும்பைத் தின்பது எது? மலையகத்தில் துரு என்றும் வடக்கில் கறள் என்றும் வழங்கும் இந்தப் பொருளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விளக்கங்கள் சொல்லப்பட்டு வருகின்றன. சில பிழையென்று தள்ளப்பட்டன. சில பாதி உண்மை என்று பிறகு தெரிந்தது. தடுக்கும் வழிகளுக்கும் அதே கதிதான். ஊவாவின் கூரைகளையும் கத்திகளையும் பாலங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விடைகளை மறுபடி எடைபோட்டுப் பார்க்கலாம்.

காற்றா, நீரா, அமிலமா?

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய வேதியியலாளர், உலோகம் துருவாகும்போது ‘புளோஜிஸ்தன்’ என்ற ஒன்று அதிலிருந்து வெளியேறுவதாக நம்பினர். வெளியேறுவது உண்மையானால் எடை குறைய வேண்டும். ஆனால் துருவோ இரும்பைவிட எடை கூடியது. அந்த மேலதிக எடையைக் காற்றிலுள்ள ஒட்சிசனின் கணக்கில் எழுதியவர் லவோசியே. துருப்பிடித்தல் ஒரு சேர்க்கை என்ற எண்ணம் அங்கிருந்துதான் நிலைபெற்றது.

ஆனால் ஒட்சிசன் மட்டும் போதாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் மூன்று சோதனைக்குழாய்களில் ஆணிகளைப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கே இது தெரியும். உலர்ந்த காற்றிலுள்ள ஆணி துருப்பிடிப்பதில்லை. கொதிக்கவைத்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடிய நீரிலுள்ள ஆணியும் அப்படியே. காற்றும் நீரும் சேர்ந்த குழாயில்தான் செம்பழுப்பு தோன்றும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாவது குற்றவாளி ஒன்று முன்வைக்கப்பட்டது. 1871இல் கிரேஸ் கல்வர்ட், ஈரமான ஒட்சிசனில் இரும்பு சிறிதளவே மங்குகிறது, காபனீரொட்சைட்டு சேர்ந்தவுடன் துரு விரைகிறது என்று கண்டார். துருவுக்கு அமிலம் கட்டாயம் தேவை என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. 1905இல் டன்ஸ்டனும் அவருடைய கூட்டாளிகளும், காபனீரொட்சைட்டு இல்லாமலேயே துரு வருவதைக் காட்டி இதை மறுத்தார்கள். இடைப்பொருளாக ஐதரசன் பேரொட்சைட்டு உருவாவதாக அவர்கள் கருதினர். அடுத்த ஆண்டே மூடி என்பவர், பயன்படுத்திய வாயுக்கள் போதிய தூய்மையானவை அல்ல என்று அமிலக் கொள்கையைத் திரும்பவும் தூக்கிப்பிடித்தார். இருதரப்பும் குழாய்களைத் தூய்மையாக்குவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டன.

இன்றைய முடிவு, அமிலம் துருவை விரைவுபடுத்தும், ஆனால் அது இல்லாமலும் துரு வரும் என்பது. எனினும் அமிலக் கொள்கையை முற்றாகத் தூக்கியெறிவது சரியல்ல. விறகடுப்புக்கு மேலே தொங்கும் தகரத்தைப் பற்றிப் பேசும்போது அது வேறொரு வழியாகத் திரும்பி வருகிறது.

ஒரு துளிக்குள் மின்கலம்

இந்தச் சண்டையை முடித்துவைத்த விடை மின்வேதியியலிலிருந்து வந்தது. 1903இலேயே அமெரிக்க வேதியியலாளர் விட்னி, இரும்பு அரிபடுவதை ஒரு மின்கலத்தின் வேலையாக விளக்கினார். இரும்பின் ஒரு புள்ளி அனோட்டாகிக் கரைகிறது. அங்கே விடுபடும் இலத்திரன்கள் உலோகத்தின் வழியே வேறொரு புள்ளிக்கு, அதாவது கதோட்டுக்கு, ஓடுகின்றன. அங்கே ஒட்சிசனும் நீரும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. கரைந்த இரும்பு மறுபடி ஒட்சிசனைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது. அரிபடும் இடமும் துரு படியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

1920களில் கேம்பிரிட்ஜில் எவன்ஸ் இதை ஓர் உப்புநீர்த் துளியைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார். இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி. அதன் ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது. ஒட்சிசன் எளிதில் வந்து சேரும். நடுவில் நீர் தடிப்பு, ஒட்சிசன் குறைவு. காற்று நன்றாகப் படும் ஓரம்தான் அரிபடும் என்று எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி அரிபட்டது, ஓரம் தப்பியது, இரண்டுக்கும் இடையே வளையமாகத் துரு படிந்தது.

மூடிய இடம் பாதுகாப்பானது என்ற நம் உள்ளுணர்வை இந்தத் துளி புரட்டிப்போடுகிறது. தகரக் கூரையில் ஒரு தகரத்தின் மேல் அடுத்த தகரம் ஏறும் விளிம்பை எடுத்துக்கொள்வோம். அந்த இடுக்கில் மழைநீர் மயிர்த்துளை ஏற்றத்தால் ஏறிக்கொள்கிறது. வெளியே வெயில் ஏறித் தகரம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கிறது. ஆனால் காற்று நுழைவதில்லை. எவன்ஸின் துளியின் நடுப்பகுதி அதுதான். ஆணியடித்த துளையைச் சுற்றியும், காற்றுக்குப் பறக்காதிருக்கக் கூரைமேல் வைத்த கல்லின் அடியிலும், மண்மூட்டையின் அடியிலும் இதே நிலை. காற்றிலிருந்து கூரையைக் காக்க வைத்த கல்லே அதைத் துளைக்கும் இடத்தைத் தெரிவுசெய்கிறது.

மின்வேதியியல் கொள்கைக்கு இன்று எதிரி இல்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. எப்படி அரிபடும் என்று அது சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு கூரை எப்போது ஒழுகும் என்று அதனால் சொல்ல இயலாது.

ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறது

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர் வெர்னன். 1920களிலும் 30களிலும் அவர் செய்த சோதனைகளில், காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டும்போது, அதில் சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு இருந்தால், துருவின் வேகம் திடீரென்று பாய்வது தெரிந்தது. அவர் செய்த இன்னொரு சோதனை இன்னும் எளியது. இரும்புத் துண்டைச் சுற்றி மஸ்லின் துணிக்கூண்டு ஒன்றைக் கட்டித் தூசியைத் தடுத்தார். அதே அறைக் காற்றில், கூண்டுக்கு வெளியே இருந்த துண்டு துருப்பிடிக்க, உள்ளே இருந்தது ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும் தூசியும் துருவுக்குப் பங்காளி என்பது இதனால் தெளிவானது.

இன்றைய சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 9223, பெய்த மழையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. உலோகம் ஓராண்டில் எத்தனை மணிநேரம் நனைந்திருக்கிறது, அதன்மேல் எவ்வளவு குளோரைட்டும் கந்தகமும் படிகின்றன என்று கேட்கிறது. இந்தக் கேள்விகளை ஊவாவில் கேட்டால் சுவையான படம் கிடைக்கிறது.

ஊவாப் பள்ளத்தாக்கின் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வடகீழ்ப் பருவக்காற்றையொட்டி வருகிறது. மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், அதே காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது உலர்ந்த கச்சான் காற்றாகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்வாங்கித்தரும் நறுமணம் இந்த உலர்காலத்தில்தான் சேர்கிறது. நாகம் பூசிய தகரத்துக்கும் இந்தக் காலம் நல்லதாக இருக்க வேண்டும். நாகத்தின் மேல் படியும் காபனேற்றுப் படலம் நனைந்து காயும் சுழற்சியில்தான் இறுகும். ஆகவே ஊவாவின் வெளிப்புறத் தகரம், மேற்குச் சரிவிலுள்ள தகரத்தைவிடக் கூடுதல் காலம் தாங்குமென்று எதிர்பார்ப்பது நியாயம்.

உட்புறம் வேறு உலகம். தெளிந்த இரவில் மெல்லிய தகரம் வானை நோக்கி வெப்பத்தை விரைவாக இழந்து, உள்ளேயிருக்கும் காற்றின் பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. சமையலின் ஆவியும் உறங்குவோரின் மூச்சும் அதன் அடிப்பக்கத்தில் துளிகளாகக் கூடுகின்றன. தகரம் வியர்க்கிறது என்பது வெறும் பேச்சுவழக்கன்று. அந்தத் துளிகளில் விறகுப்புகையின் கரி மட்டுமல்ல, அசற்றிக் அமிலமும் போமிக் அமிலமும் கரைகின்றன. இவ்விரண்டும் நாகத்தின் பாதுகாப்புப் படலம் உருவாகவிடாதவை. வெளிப்புறத்தை மழை கழுவுகிறது. உட்புறத்தைக் கழுவ எதுவுமில்லை. கல்வர்ட்டின் அமிலமும் வெர்னனின் தூசியும் எவன்ஸின் துளியும் அடுப்புக்கு மேலே ஒன்றுகூடுகின்றன. கூரை அங்கே கீழிருந்து மேலாகத் தின்னப்படுகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப்படும் விளக்கம். மழையைக் குறைசொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிக் காரணம் விடுபட்டுப்போகும்.

உரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அமோனியம் சல்பேற்று ஈரத்தை உறிஞ்சும். நாகத்தையும் இரும்பையும் தாக்கும். உரம் சுமந்த வாளி கழுவாமல் ஒரு மாதம் கிடந்தால் அடி தானாகப் பதில் சொல்லும்.

பலிகொடுக்கும் உலோகம்

தடுப்பு முறைகளில் சிந்தனைக்கு மிகுந்த விருந்து தருவது, ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கரையவிடும் முறை. இதன் தொடக்கத்தில் ஊவாவோடு ஒரு குடும்பத் தொடர்பு உண்டு. 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராக இருந்த ஜோன் டேவி, 1818 ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தையொட்டி இந்த மலைநாட்டில் பயணம்செய்து, 1821இல் வெளியிட்ட தன் நூலில் உள்நாட்டு மக்களின் இரும்புருக்கும் முறையையும் விவரித்தார். அவருடைய அண்ணன் ஹம்பிரி டேவிதான் 1824இல் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க அதனோடு நாகத்தையோ இரும்பையோ இணைத்துப் பார்த்தவர்.

முறை வென்றது, திட்டம் தோற்றது. செம்பு அரிபடுவது நின்றதும், அதுவரை செப்பு நஞ்சுக்கு அஞ்சி விலகியிருந்த பாசியும் சிப்பிகளும் கப்பலின் அடியில் அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை முறையைக் கைவிட்டது. துருவைத் தடுக்கும் எந்த வழியும் அது நிற்கும் சூழலை மாற்றுகிறது, அந்த மாற்றத்துக்கு வேறொரு விலை இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

1829இல் லண்டனில் பாமர் அலைவடிவத் தகட்டுக்கும், 1837இல் பிரான்ஸில் சொரெல் இரும்பை உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கும் காப்புரிமை பெற்றனர். இரண்டும் சேர்ந்ததே உலகெங்கும் குடியேற்றத் தோட்டங்களின் கூரையான தகரம். எடை குறைவு, கப்பலில் அடுக்கலாம், மலைப்பாதையில் சுமந்து ஏற்றலாம். தேயிலைத் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் அதுவே பொருளாயிற்று.

நாகம் இரண்டு வேலை செய்கிறது. முதலில் மூடுகிறது. கீறல் விழுந்து இரும்பு வெளித்தெரிந்தாலும், தானே அனோட்டாகிக் கரைந்து பக்கத்து இரும்பைக் காக்கிறது. நாகம் தீரும்வரைதான் இது நடக்கும். சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் பூசிய தகட்டில் ஒரு பக்கத்துப் படலம் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர். நடுத்தர அரிப்புச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரோமீற்றர் வரை தேயுமென்று நியமம் சொல்கிறது. அப்படியானால் அந்தப் படலம் 10 ஆண்டிலிருந்து 28 ஆண்டுவரை எங்கும் முடியலாம். சதுர மீற்றருக்கு 100 கிராம் மட்டுமே பூசிய மலிவுத் தகடு இதில் மூன்றிலொரு பங்கு காலம்தான் தாங்கும். கடையில் இரண்டும் ஒரே பளபளப்போடு நிற்கின்றன. பூச்சின் எடையைக் கேட்காமல் தகரத்தின் தடிப்பை மட்டும் கேட்டு வாங்குவது பெரும் பிழை.

அலுமினியத்தை 55 வீதம் கலந்த நாகப் பூச்சு 1972இல் அமெரிக்காவில் வணிகத்துக்கு வந்தது. திறந்த வெளியில் அது வெறும் நாகத்தைவிட நெடுநாள் தாங்குகிறது. ஆனால் மாட்டுப்பட்டியின் அமோனியாவும் ஈரமான சீமெந்தின் காரமும் அதற்கு ஆகாது. வெட்டிய விளிம்பைக் காக்கும் ஆற்றலும் வெறும் நாகத்தைவிடக் குறைவு. லயத்தை ஒட்டி மாட்டுப்பட்டி இருக்கும் இடங்களில் இது யோசிக்க வேண்டிய விடயம்.

வர்ணம், தார், கறையற்ற உருக்கு

மூடி வைத்தல் பழைய வழி. வர்ணத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வர்ணத்துக்கு முன் செய்யும் வேலை. துருவைச் சுரண்டாமல் பூசியது துருவோடு சேர்ந்து உதிரும். ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசுவது கைக்கெட்டிய வைத்தியம். வெயிலில் தார் இறுகி வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கிய நீர் காய வழியின்றி நிற்கிறது. சில மழைக்காலங்களை அது வாங்கித்தரும், அவ்வளவே.

1913இல் ஷெபீல்டில் பிரியர்லி உருவாக்கிய குரோமிய உருக்கு, துருவோடு போராடாமல் தன் மேல் தானே படலம் போர்த்துக்கொள்கிறது. இன்று தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து படும் பரப்புகளுக்கு அதுவே விரும்பப்படுகிறது. முன்பு அரைக்கும் மேசைகளுக்குப் பித்தளை போட்டதற்கும், சலிக்கும் இடத்தில் காந்தம் வைப்பதற்கும் ஒரே பின்னணி: தேயிலையில் இரும்பு கலக்கக் கூடாது. கூரைக்கு இந்த உருக்கு விலையால் எட்டாது.

இரும்பையே தவிர்ப்பதும் ஒரு நிலைப்பாடு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. முதலாம் உலகப் போரால் உருக்கு கிடைக்காமல் போனதே காரணம் என்ற கதை ஊரில் வழங்குகிறது. காரணம் எதுவாயினும், உள்ளே கம்பி இல்லாததால் கொங்கிறீற்றைப் பிளக்கும் நோய் அதற்கு வர வழியில்லை. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். கம்பி கட்டிய கட்டடங்கள் வெடிப்பது அதனால்தான். ஆனால் வளைவுப் பாலத்துக்குப் பொருந்துவது கூரைக்குப் பொருந்தாது. தகரத்துக்குப் பதிலாக வந்த அஸ்பெஸ்டஸ் துருவை ஒழித்தது. நுரையீரலுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது. டேவியின் கப்பல் கதையே இங்கும்.

தேயிலையிலேயே மருந்து உண்டா?

கவ்வாத்துக் கத்தி வேலை நேரத்தில் கறுத்துப்போவதற்குக் காரணம், தேயிலைச் சாற்றிலுள்ள பல்பீனோல்கள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மம் உண்டாக்குவது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் பயன்படுத்தியது இதே வினை. ஊவாவின் உலர்ந்த சவன்னாக்களில், குறிப்பாகப் பிபிலைப் பக்கம், கடுக்காயும் தான்றியும் நெல்லியும் தாமே வளர்கின்றன. துருவின் மேல் தனின் பூசினால் அது உறுதியான கரும்படலமாக மாறும் என்ற எண்ணத்தில், தனின் அடிப்படையிலான துருமாற்றிகள் பல நாடுகளில் விற்பனையாகின்றன. அப்படியானால் தொழிற்சாலையின் தேயிலைக் கழிவிலிருந்தே கூரைக்கு மருந்து செய்யலாமா?

எண்ணம் கவர்ச்சியானது, ஆர்வத்தோடு தொடரவும் தக்கது. ஆனால் தேயிலைச் சாறு இரும்பைக் காப்பதாகக் காட்டும் சோதனைகள் பெரும்பாலும் அமிலத் தொட்டிகளில், மணிக்கணக்கில் செய்யப்பட்டவை. மழையும் வெயிலும் மாறிமாறிப் படும் கூரை வேறு. தடித்து உதிரும் துருவுக்கு அடியில் தனின் இறங்குவதில்லை. மேலே வர்ணம் பூசாவிட்டால் படலமும் நிலைப்பதில்லை. போதாததற்குத் தேயிலைச் சாறே சற்று அமிலத்தன்மையுள்ளது; அளவு பிசகினால் காக்க வந்தது கரைக்கவும் கூடும்.

பழைய இரும்பு துருப்பிடிக்காதா?

அக்காலத்து இரும்பு கறை காணாது என்ற நம்பிக்கை பரவலானது. டில்லி இரும்புத் தூண் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படும். கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம், அந்த இரும்பிலுள்ள மிகுதியான பொசுபரசு ஒரு காப்புப் படலத்துக்கு வழிவிட்டதாக விளக்கினார். டில்லியின் உலர்ந்த காற்றையும், தூணின் பெரும் பருமனையும் காரணமாகச் சொல்வோரும் உண்டு. இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

ஊவா எல்லையை ஒட்டிய சமனலவெவவில் இன்னொரு சாட்சி இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்கு முன் அங்கே ஆய்வு நடத்திய கில் ஜுலெப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளைக் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். 7 முதல் 11ஆம் நூற்றாண்டுவரை அங்கே உயர்காபன் உருக்கு கிடைத்தது. 1908இல் ஆனந்த குமாரசுவாமி தன் நூலில் பதிவுசெய்தது, பலாங்கொடைப் பக்கம் கடைசி மூச்சில் இருந்த துருத்தி உலைகளை. ஜூன் மாதக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் இரும்பை உருக்கியது. இந்தப் பக்கம் கச்சானாகி அதைக் காயவைக்கிறது. ஆனால் அந்த உலைமேடுகளில் இன்று குவிந்து கிடப்பது கிட்டம், அதாவது உலைக்கசடு. அங்கே உருக்கிய இரும்பில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகியிருக்கும். தப்பிப் பிழைத்த ஒரு தூணைப் பார்த்து அழிந்துபோன ஆயிரத்தை மறப்பதே இந்த நம்பிக்கையின் பலவீனம்.

கூரை யாருடையது?

1971இல் பிரித்தானியாவில் ஹோர் குழு, அரிப்பால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு மொத்தத் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 3.5 வீதம் என்றும், அதில் கால்பங்கு அளவை அப்போதே தெரிந்திருந்த அறிவைப் பயன்படுத்தித் தவிர்த்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அறிவு போதாமையைவிட அதைப் பயன்படுத்துவோர் இல்லாமைதான் குறை என்ற இந்த முடிவு, தோட்டத்துக் கூரைகளுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

தகரத்துக்குத் தேவையானது பெரும்பாலும் சிறிய, தொடர்ந்த வேலை: விளிம்பைப் பார்ப்பது, ஆணியை மாற்றுவது, அடிப்பக்கத்தைத் துடைத்து வர்ணம் பூசுவது, புகைக்கு வழி வைப்பது. இதை யார் செய்வது? லயம் தோட்டத்தின் சொத்து. 1972, 1975 நிலச்சீர்திருத்தத்தில் அரசிடம் போய், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் மாறியபோதும் குடியிருப்போர் உரிமையாளராகவில்லை. உறுதிப்பத்திரம் இல்லாத கூரைக்குக் கடன் வாங்கிப் பூச்சு பூசக் குடும்பத்துக்குத் துணிவு வராது; கொழுந்தின் வருமானத்தைத் தராத கூரையில் முன்கூட்டிச் செலவழிக்க நிர்வாகத்துக்கு அவசரம் வராது. ஒழுகத் தொடங்கிய பிறகே இருதரப்பும் கூரையை நோக்குகின்றன. துருவின் வேதியியலில் அது மிகவும் பிந்திய வேளை. இந்தியாவின் உதவியுடன் மலையகத்தில் எழும் தனி வீடுகளிலும் நிலவுரிமையிலும் இந்த நிலை மாறக்கூடும் என்று நம்ப இடமுண்டு. பராமரிப்பு எந்த அளவுக்குக் கூடுகிறது என்பதை இன்னும் சில மழைக்காலங்கள் கழித்துத்தான் அளக்க முடியும்.

இன்னும் முடியாதவை

துருவின் பொறிமுறை பற்றிய விவாதம் முடிந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். வெளிக்கூரைக்கு நாகப் பூச்சு, அதன் எடையைக் கேட்டு வாங்குவதென்ற நிபந்தனையோடு, இன்னும் நியாயமான தெரிவாகவே நிற்கிறது. முடியாமல் இருப்பவை உட்புறத்தைப் பற்றிய கேள்விகள். விறகுப்புகை படும் அடிப்பக்கம் எந்த வேகத்தில் தேய்கிறது, புகைபோக்கி வைத்தால் அது எவ்வளவு குறையும், பசறைக்கும் அப்புத்தளைக்கும் வேறுபாடு என்ன? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவுக்கு அரிப்பு வரைபடம் தயாரித்தது, பல இடங்களில் உலோகத் துண்டுகளைத் தொங்கவிட்டு எடையிழப்பை அளந்துதான். அதே எளிய வேலையைக் கூரைக்கு மேலே ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று என்று இரண்டிடத்தில் செய்ய வேண்டும். ஒரு தராசும், நாகத்திலும் இரும்பிலும் வெட்டிய சில துண்டுகளும், ஒரு முழு ஆண்டும் போதும்.